சூடு தெரியாத கால்

பங்குனி மாதம். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா. மாட வீதி நான்கிலும் கூட்டம், நீர்மோர்ப் பந்தல்கள். மதிய வெயிலில் செருப்பில்லாமல் சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறார் ஒரு பெரியவர். 65 வயது, அதில் 15 வருடம் சர்க்கரையோடு. வாசலில் ஆரம்பித்து ஊஞ்சல் வரை மொசைக் தரையில் சிவப்புத் தடம்.

“அப்பா, கால்ல என்னப்பா ஆச்சு? தரையெல்லாம் ரத்தமா இருக்கு!” மகள் பதறுகிறாள்.

“எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா...”

காலைத் தூக்கிப் பார்த்தால், தார் ரோட்டுச் சூட்டில் எழும்பிய கொப்புளம் உடைந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு கண்ணாடிச் சில்லும் ஏறியிருக்கிறது.

இந்தக் காட்சிக்குப் பெயரும் விலாசமும் தேவையில்லை. சென்னையில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்க்கும் எந்த டாக்டரைக் கேட்டாலும், ‘நேற்றுகூட ஒருவர் வந்தார்’ என்றுதான் ஆரம்பிப்பார்.

வலி ஏன் தெரியவில்லை? ஆறுகிற புண் ஏன் ஆறாமல் நிற்கிறது? இரண்டுக்கும் விடை தோலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ரத்தக் குழாய்களில் இருக்கிறது. தந்துகிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒரு சிவப்பணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழெட்டு பங்குதான். அதுவே ஒற்றை வரிசையில், உடம்பை வளைத்து நெளித்துக்கொண்டுதான் தந்துகிக்குள் போக முடியும். பிராண வாயுவும் சத்தும் தோலுக்கு இறங்குவது இந்தச் சந்துகளில்தான்.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால், அது புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாத சராசரி என்று எடுக்கிற ‘ஹெச்பிஏ1சி’ பரிசோதனை அளப்பதும், ஹீமோகுளோபினில் இப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான். இதே வேலை தந்துகியின் சுவரிலும் நடக்கிறது. சுவர் தடிக்கிறது, விறைக்கிறது. தேவைப்படும் நேரத்தில் விரிந்து கொடுக்கும் குணம் குறைகிறது. நரம்புகளுக்கும் ரத்தம் கொடுப்பது இப்படிப்பட்ட நுண்குழாய்கள்தானே, நரம்பும் சேர்ந்து நலிகிறது. மிக நீளமான நரம்புகள் கால் விரலுக்குப் போகிறவை. அதனால் பாதிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதில் பலரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. உள்ளங்காலில் தந்துகிகளைத் தொடாமல் தமனியிலிருந்து நேராகச் சிரைக்குப் போகும் குறுக்குவழிகள் இருக்கின்றன. உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு அது. அவற்றைத் தேவைக்கேற்ப மூடித் திறப்பவை தானியங்கி நரம்புகள். சர்க்கரையால் அந்த நரம்புகள் கெட்டால் குறுக்குவழிகள் திறந்தபடியே கிடக்கும். தி.நகர் உஸ்மான் சாலையில் வண்டிகள் எல்லாம் மேம்பாலத்திலேயே போய்விட்டால் கீழே இருக்கும் கடைகளுக்கு வியாபாரம் என்ன ஆகும்? அதுதான் தோலுக்கும் நடக்கிறது. தொட்டால் பாதம் கதகதப்பாக இருக்கும், மேலே சிரைகள் புடைத்துத் தெரியும். ‘ரத்த ஓட்டம் பிரமாதம்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தோலோ பட்டினி கிடக்கும். வியர்வையும் நின்றுபோய்க் குதிகால் வறண்டு பிளக்கும். அந்தப் பிளவு கிருமிக்கு வாசல்.

இதே தி.நகரில்தான் இதற்கான முக்கியமான கணக்கெடுப்பும் நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் சென்னை நகர மக்கள்தொகை ஆய்வுக்காக, தி.நகர் பாரதி நகரையும் திருமங்கலத்தில் ஒரு குடியிருப்பையும் எடுத்துக்கொண்டு, 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். 12 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை. அவர்களில் காலின் பெரிய ரத்தக் குழாய் அடைப்பு இருந்தது சுமார் 6 சதவிகிதம் பேருக்குத்தான். பிறகு 2001-ல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்வில், சென்னையின் சர்க்கரை நோயாளிகளில் சுமார் 26 சதவிகிதம் பேருக்குக் கால் நரம்புப் பாதிப்பு தெரிந்தது. நான்கில் ஒருவர். ஆக, நம் ஊரில் அதிகம் பயப்பட வேண்டியது அடைத்துப்போன பெரிய குழாயைவிட, மரத்துப்போன பாதத்துக்குத்தான்.

‘சின்னக் குழாய் எல்லாம் போச்சு, இனி காலை எடுக்கத்தான் வேண்டும்’ என்ற பேச்சு மருத்துவ உலகத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. 1984-ல் லோஜெர்ஃபோ, காஃப்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். நுண்குழாய்கள் தடித்துப் போகின்றன, ஒரேயடியாக அடைத்துப் போவதில்லை; பெரிய குழாயில் அடைப்பிருந்தால் அதைச் சரிசெய்து காலைக் காப்பாற்ற வழி உண்டு என்பது அவர்கள் வாதம். எனவே யாராவது ‘எடுத்துவிடலாம்’ என்றால், கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் டாப்ளர் ஸ்கேனையும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

வலியில்லாத பாதத்தின் ஆபத்தை உலகத்துக்குப் புரியவைத்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் அழிகின்றன என்று கண்டுகொண்டார். பின்னாளில் அமெரிக்காவுக்குப் போனவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருத்தினார். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு, தொழுநோயாளிகளின் காலைக் காப்பாற்ற வந்த செருப்புதான்.

அப்படியிருக்க, பூங்காவில் வெறுங்காலோடு கூழாங்கல் பாதையில் நடப்பதும், பெசன்ட் நகர் மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதும் மரத்த காலுக்கு ஆகாது. ‘ரத்த ஓட்டம் கூடும்’ என்று வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் சரி. கோயிலுக்குப் போகக் காலை ஆறு மணி இருக்கிறது, கல் குளிர்ந்திருக்கும். உச்சி வேளைப் பிராகாரம் வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்; கால் கழுவும் நீரின் சூட்டைக்கூட முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவது, மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் பிளாஸ்திரி இரண்டும் கூடவே கூடாது. வறண்ட குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் ஈரம் தங்கக் கூடாது. புதுச் செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள். அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி, சரியான அளவு தெரியும்.

மயிலாப்பூர்ப் பெரியவரின் மகள் செய்யக்கூடிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் சொன்னது; செலவு எதுவும் கிடையாது. அப்பாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, ஆட்காட்டி விரலால் ஓரிரு விநாடி பூப்போலத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் அவர் ‘ம்’ சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் ‘ம்’ வரவில்லை என்றால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல், செருப்பைக் கழற்றிக் காலையும் காட்ட வேண்டும்.