'முதல் பெண்'ணுக்குப் பிறகு எத்தனை பேர்?

இந்தியக் கல்லூரிகளில் அறிவியல் படிப்பவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை அறிவியல் பிரிவில் பயின்ற 57.2 லட்சம் பேரில் 29.8 லட்சம் பேர் பெண்கள். ஆனால், ஆய்வுப் பணிகளில் இருப்போரில் பெண்களின் பங்கு, மத்திய அறிவியல் - தொழில்நுட்பத் துறையின் கணக்குப்படி 2018இல் 16.6% மட்டுமே. உலக அளவில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. படிப்பில் பாதிக்கு மேல் இருப்பவர்கள் பணியில் ஆறில் ஒருவராகக் குறைந்துபோவது ஏன் என்பதே இந்திய அறிவியலில் பாலினச் சமத்துவம் குறித்த விவாதத்தின் மையக் கேள்வி.

ஐ.நா. பொதுச்சபை 2015இல் எடுத்த முடிவின்படி, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11 அறிவியலில் பெண்களுக்கும் சிறுமியருக்குமான சர்வதேச நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைய மேடைகளில் தவறாமல் நினைவுகூரப்படுபவர்கள், ஏதேனும் ஒன்றைச் சாதித்த 'முதல் பெண்'கள். அவர்களுக்கு அந்தப் பெருமை உரியதே. ஆனால், ஒரு துறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை முதல் பெண் நுழைந்த ஆண்டைவிட, அவருக்கும் அடுத்தவருக்கும் இடைப்பட்ட காலமே துல்லியமாகக் காட்டும். அறிவியலாளர்களுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 1958 முதல் வழங்கப்படுகிறது. வேதியியலாளர் அசீமா சாட்டர்ஜி 1961இல் அதைப் பெற்ற முதல் பெண் ஆனார். அடுத்து, தாவரவியலாளர் அர்ச்சனா சர்மா அந்த விருதைப் பெற்றது 1975இல். 2022 வரை விருது பெற்ற ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் பெண்கள் ஏறத்தாழ 20 பேர் மட்டுமே.

மருத்துவத்தின் வழி

பெண்களுக்கு முதலில் இடம்கொடுத்தது மருத்துவம்தான். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். மாணவிகளைச் சேர்ப்பதற்கு அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபோர் துணைநின்றார். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய ஷார்லீப், 1885இல் சென்னையில் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றும் மக்கள் நாவில் 'கோஷா ஆஸ்பத்திரி'யாக வழங்கும் திருவல்லிக்கேணி அரசு மருத்துவமனை. வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமேயானது. அங்கு ஆண்கள் சேர்க்கப்பட்டது 1947இல்தான்.

இந்த முன்னேற்றத்துக்குக் காரணம் சமத்துவச் சிந்தனை மட்டுமல்ல. ஆண் மருத்துவர் தொட்டுச் சோதிப்பதை ஏற்காத குடும்பங்களில், பிரசவ வலியில் பெண்கள் சிகிச்சையின்றி இறந்துகொண்டிருந்தார்கள். பெண் மருத்துவர் தேவைப்பட்டார், அதனால் அனுமதிக்கப்பட்டார். கதவைத் திறந்த அதே காரணம், உள்ளே போனவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் முடிவுசெய்தது. பெண் மருத்துவர் என்றால் மகப்பேறும் குழந்தைநலமும் என்பது எழுதப்படாத விதியானது.

அந்த விதியை மீறியதில்தான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறு தொடங்குகிறது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய நெடுநாள் முயற்சியால் 1954இல் அந்த மருத்துவமனை 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த வி.சாந்தாவின் கையில், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கான பணி நியமனம் இருந்தது. பெண் மருத்துவருக்கு ஏற்றது என்று ஊர் கருதிய அந்த வேலையை விட்டுவிட்டு, குணப்படுத்த முடியாத நோய் என்று கருதப்பட்ட புற்றுநோயின் பக்கம் அவர் போனார். 2021இல் மறையும்வரை அந்த வளாகமே அவருடைய வாழ்க்கையாக இருந்தது.

தேவைப்படாத இடத்தில்

ஆய்வகத்துக்கு அப்படியொரு தேவை இருக்கவில்லை. பெண் ஆய்வாளர் இல்லை என்பதற்காக யாரும் இறந்துவிடப்போவதில்லை. எனவே, அங்கே கதவு தாமதமாகவும் நிபந்தனைகளோடும் திறந்தது. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்த கமலா பாகவத், பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வில் சிறந்து விளங்கியவர். அப்போது இயக்குநராக இருந்த சி.வி.ராமன், பெண் என்பதற்காகவே அவருக்கு இடம் மறுத்தார். கமலா விடாப்பிடியாக நின்ற பிறகு அனுமதி கிடைத்தது. ஆனால், ஓராண்டு தகுதிகாண் நிலையில் இருக்க வேண்டும், ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனைகளுடன். கமலா சொஹோனி என்ற பெயரில் பின்னாளில் அறியப்பட்ட அவர், 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணிக்கு ராமனின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. வைரம், மாணிக்கக் கற்களின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். முதுநிலைப் பட்டம் இல்லை என்று கூறி சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. அந்தப் பட்டம் இல்லாமலேயே அவர் இந்திய வானிலைத் துறையின் கருவிகளைத் தரப்படுத்தினார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். கரும்பு ஆய்வுக்காக 1934இல் கோவைக்கு வந்த தாவர மரபியலாளர் ஜானகி அம்மாள், பிறகு இங்கிலாந்து சென்று, சி.டி.டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். கரிம வேதியியலாளர் தர்ஷன் ரங்கநாதனால், கணவர் பேராசிரியராக இருந்த கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பதவி பெற முடியவில்லை. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் ஆசிரியப் பணி இல்லை என்ற வழக்கமே காரணம். ஆய்வு உதவித்தொகைகளைக் கொண்டே அவர் ஆய்வைத் தொடர்ந்தார்.

இவர்கள் எல்லோரும் தடைகளைத் தாண்டிச் சாதித்தவர்கள் என்று போற்றப்படுகிறார்கள். தடையை உருவாக்கிய விதிகள் என்னவாயின என்ற கேள்வி அந்தப் பாராட்டில் காணாமல்போகிறது. தாண்ட முடியாமல் திரும்பிச் சென்றவர்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை.

புகழ் சென்று சேராத இடங்களும் உண்டு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அந்த ஆய்வைச் செய்தவர், நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா. பாலியல் தொழிலாளர்களைத் தேடிச் சென்று ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வைக்க வசதியில்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்தார். மாதிரிகளோடு இரவு ரயிலில் காட்பாடிக்குச் சென்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவின் எய்ட்ஸ் தடுப்புப் பணிகளுக்கு அடித்தளமிட்ட கண்டுபிடிப்பு அது. பிறகு கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றி 2010இல் ஓய்வுபெற்ற அவரை, நாட்டில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கே குறைகிறார்கள்?

இன்று கதவில் யாரும் தடுப்பதில்லை. இழப்பு நேர்வது முனைவர் பட்டத்துக்கும் நிரந்தரப் பணிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். முனைவர் பட்டம் பெறும்போது ஏறக்குறைய 30 வயதாகிவிடுகிறது. அதன்பின் முதுமுனைவர் ஆய்வு, திட்டப் பணி என இரண்டிரண்டு ஆண்டு ஒப்பந்தங்கள். திருமணம், குழந்தைப்பேறு, கணவரின் பணியிட மாற்றம் ஆகியவை வருவதும் அதே ஆண்டுகளில்தான். பணிக்கான வயது வரம்பு அந்தக் காலத்துக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் கட்டுரை வெளியிடாதவர் என்று விண்ணப்பத்தில் தெரிகிறவர், உண்மையில் அந்த இரண்டு ஆண்டும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவராக இருக்கலாம்.

குடும்பப் பொறுப்புகளால் பெண்களே விலகிவிடுகிறார்கள் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை மட்டுமே. 2012இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பப்பட்டது. சிலருக்கு வந்ததில் ஜான் என்ற ஆண் பெயர். சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெண் பெயர். வேறு எந்த வேறுபாடும் இல்லை. ஜானுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 30,238 டாலர் ஊதியம் தரலாம் என்றவர்கள், ஜெனிஃபருக்கு 26,508 டாலர் போதும் என்றார்கள். மதிப்பிட்ட பெண் பேராசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. கையில் குழந்தை இல்லாத, விடுப்பு எடுக்காத, வெறும் பெயராக மட்டுமே இருந்த ஒரு பெண்ணும் குறைத்தே மதிப்பிடப்பட்டாள்.

மருத்துவத் துறையில் எண்ணிக்கை இருக்கிறது, அதிகாரம் இல்லை. உலக சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ 70% பெண்கள். தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் 25% மட்டுமே என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் வீடு வீடாகச் செல்லும் சுமார் 10 லட்சம் ஆஷா பணியாளர்கள் 2022இல் அதே நிறுவனத்தின் விருதைப் பெற்றார்கள். ஆனால், அவர்கள் இன்னும் தன்னார்வலர்களாகக் கருதப்பட்டு, ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகையே பெறுகிறார்கள். கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகுதான், மருத்துவமனைகளில் பெண்களுக்குப் பூட்டக்கூடிய ஓய்வறை உண்டா என்ற கேள்வி நாடு தழுவியதானது.

இழப்பு யாருக்கு?

பெண்கள் இல்லாத ஆய்வு, தவறான முடிவுகளையும் தரும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும் வழிகாட்டுதலை 1977இல் வெளியிட்டது; அது 1993 வரை நீடித்தது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து இரு பாலினருக்கும் ஒரே அளவில் பரிந்துரைக்கப்பட்டுவந்தது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால், காலையில் வாகனம் ஓட்டும்போதும் அதன் மயக்கம் நீடிக்கும் ஆபத்து இருந்தது. பெண்களுக்கான அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது 2013இல். மருந்து சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. என்ன ஆராயப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் பெண்கள் இருப்பது, நோயாளிகளின் பாதுகாப்போடு தொடர்புடையது.

எது பலன் தரும்?

விதிகளை மாற்றினால் முடிவுகள் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்த அனுமதி கோரும் விண்ணப்பங்களில், பெண்கள் தலைமையிலானவை ஆண்டுதோறும் பின்தங்கியே இருந்தன. 2018இல் விண்ணப்பதாரரின் பெயர் மதிப்பீட்டாளருக்குத் தெரியாதபடி முறை மாற்றப்பட்டது. அந்தச் சுற்றில் முதல் முறையாகப் பெண்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிடச் சற்றுக் கூடியது. பிரிட்டனில் 2005இல் தொடங்கிய 'அதீனா ஸ்வான்' திட்டம், பாலினச் சமத்துவத்துக்காகக் கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடுகிறது. குறிப்பிட்ட தரம் பெறாத மருத்துவக் கல்லூரிகளுக்குச் சில முக்கியமான ஆய்வு நிதிகள் கிடைக்காது என்று 2011இல் அறிவிக்கப்பட்ட பிறகே, பல நிறுவனங்கள் அதில் தீவிரம் காட்டின.

இந்தியாவிலும் முயற்சிகள் நடக்கின்றன. பணி இடைவெளிக்குப் பின் ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்கான நிதித் திட்டம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளது. முனைவர் பட்ட மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் வழங்க 2016இல் யு.ஜி.சி. வழிவகுத்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. அதீனா ஸ்வானை முன்மாதிரியாகக் கொண்ட 'கதி' திட்டம், 30 நிறுவனங்களுடன் தொடங்கப்பட்டது. குறை எங்கே என்றால், திரும்பி வருபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாண்டு நிதியே தவிர நிரந்தரப் பணி அல்ல. விதிகளைப் பின்பற்றாத நிறுவனம் நிதியை இழக்க வேண்டும் என்ற நிலை வந்தால்தான் காகிதத்தில் இருக்கும் காப்பகம் கட்டிடமாக மாறும்.

தலைமைப் பதவிகளில் அண்மையில் மாற்றம் தெரிகிறது. 1935இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய அறிவியல் அகாடமிக்கு 2020இல் சந்திரிமா சாஹா தலைவரானார். 1942இல் தொடங்கிய, அறிவியல் - தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தலைமை இயக்குநராக 2022இல் ந.கலைச்செல்வி பொறுப்பேற்றார். அம்பாசமுத்திரத்தில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பயின்றவர் அவர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையைச் சேர்ந்தவர். 11 பெண் அறிவியலாளர்களின் பெயரால் ஆய்வு இருக்கைகள் அமைக்கப்படும் என்று 2020இல் மத்திய அரசு அறிவித்தது. ஜானகி அம்மாளும் அன்னா மணியும் அந்தப் பட்டியலில் உள்ளனர்.

இந்த மாற்றம் தனிநபர்களோடு முடியாமல் இருக்க, முதல் தேவை கணக்கு. எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், ஐந்து ஆண்டுகளுக்குள் எத்தனை பேர் விலகினார்கள் என்ற நான்கு எண்களை, பொது நிதியில் இயங்கும் ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் மருத்துவக் கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வயது வரம்பில் மகப்பேறுக் காலத்தைக் கழிப்பது, தம்பதியர் இருவரையும் ஒரே நிறுவனத்தில் நியமிக்கத் தயங்காதது, முதற்கட்டத் தேர்வில் பெயரை மறைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. அவை பலன் தருகின்றனவா என்பதை அந்த நான்கு எண்களே ஆண்டுக்காண்டு சொல்லிவிடும்.