கரிப் பந்துகளின் கணக்கு

பென்சில் முனையும் வைரமும் ஒரே கரிதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1985-ல் அந்தக் குடும்பத்தில் இன்னோர் உறுப்பினர் அகப்பட்டார். 60 கரி அணுக்கள் கூடி, கால்பந்தைப் போலவே 12 ஐங்கோணமும் 20 அறுகோணமுமாக அமைந்த உருண்டை! கண்டுபிடித்த க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் மூவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு பந்துகள் அருகே வந்தால் என்ன ஆகும்? சற்றுத் தள்ளி நின்றால் ஒன்றையொன்று இழுக்கும். மிகவும் நெருங்கினால் விலக்கித் தள்ளும். ஆனால் இதில் ஒவ்வோர் அணுவுக்கும் அதில் ஒவ்வோர் அணுவோடும் உறவு உண்டே! கணக்கிட்டால் 3,600 ஜோடிகள். இரண்டே பந்துகளுக்கு இந்தப் பாடு!

1992-ல் ஜிரிஃபால்கோ என்ற விஞ்ஞானி ஒரு சுருக்கு வழி சொன்னார். மின்சார விசிறி சுழலும்போது இறக்கைகளா தெரிகின்றன? ஒரே வட்டமல்லவா! சாதாரண வெப்பத்தில் இந்தப் பந்துகளும் அப்படித்தான் ஓயாமல் சுழல்கின்றன. ஆகவே 60 அணுக்களையும் பந்தின் மேல் சீராகப் பூசியதாக வைத்துக்கொண்டார். மையத்துக்கு மையம் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும், ஒரே சூத்திரத்தில் விடை வந்துவிடும். மைனஸ் 13 டிகிரிக்குக் கீழே அந்தச் சுழற்சி தடைப்படுகிறது. அங்கே சூத்திரத்தை நம்ப முடியாது.

இந்தப் பந்துகள் உருகித் திரவமாகுமா? 1993-ல் இதே சூத்திரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த ஒரு குழு, "ஆகாது, கற்பூரம் போல நேரே ஆவியாகிவிடும்" என்றது. இன்னொரு குழு, "ஆகும், ஆனால் மிகக் குறுகிய வெப்ப எல்லைக்குள்" என்றது. பந்தோ பெரிது, அதன் இழுப்பு எட்டுவதோ கொஞ்ச தூரம். அதனால்தான் இந்த இழுபறி.

ஒரே சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டில் இரண்டு ருசி வருவதில்லையா, அந்தக் கதைதான்!