கழுவிக் கவிழ்த்த பிறகு



போகி நெருங்குகிறது. ஒட்டடைக்கம்பு எங்கே என்று பல வீடுகளில் தேடல் தொடங்கியிருக்கும். வருடம் முழுக்கத் தலைக்கு மேலேயே சுற்றினாலும் நாம் அண்ணாந்து பார்க்காத மின்விசிறிக்கும் இந்த வாரம்தான் குளியல். (பழைய தலையணை உறையை றெக்கையில் மாட்டி அப்படியே உருவுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டிலில் கொட்டாது.)

ஆனால் நான் பேச வந்தது வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்த அமளியைப் பற்றி அல்ல. தினமும் செய்கிற, செய்ததே நினைவில் நிற்காத வேலைகளைப் பற்றி. பாத்திரம் தேய்க்கும்போது கை ஒரு பக்கம் ஓடும், மனசு ஊர் சுற்றப் போய்விடும். போனால் என்ன, பாத்திரம் சுத்தமானால் சரி என்று தோன்றலாம். சுத்தமாகிறதா என்பதுதான் கேள்வி. குக்கர் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பளபளவென்று இருக்கும்; கேஸ்கட்டைக் கழற்றிப் பார்த்தால் நேற்றைய பருப்பு அந்தப் பள்ளத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும். வெயிட் போடும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை வழியாக மறுபக்கம் தெரிகிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டால் போதும். இது சுத்தம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. நேரம் கூடுதலாக ஆவதில்லை. கண் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பித்தளை இன்னும் கறார். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடும், குத்துவிளக்கு பொன்னாக மின்னும். ஆனால் புளியை மிச்சமில்லாமல் அலசி, உடனே உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால், ஈரம் நின்ற இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுத்து, பட்ட பாடு வீணாகிவிடும். தேய்ப்பதில் காட்டிய பலத்தைவிடத் துடைப்பதில் காட்டும் பொறுமைக்குத்தான் அங்கே மதிப்பு.

இப்படி வேலையில் கண்ணாக இருப்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஜப்பானியத் துறவி டோகன், 1223-இல் சீனாவுக்குப் போனார். அங்கே ஒரு மடத்தில் 68 வயதுச் சமையற்காரத் துறவி, உச்சி வெயிலில் தலைக்கு மறைப்புகூட இல்லாமல் காளான் உலர்த்திக்கொண்டிருந்தாராம். வேறு யாரிடமாவது சொல்லக்கூடாதா என்று கேட்ட டோகனுக்கு, அடுத்தவர் செய்தால் அது தான் செய்ததாகாதே என்கிற பொருளில் பதில் வந்தது. அந்தப் பதில் அவர் மனதில் தங்கிவிட்டது. 1237-இல் மடத்துச் சமையற்காரர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியில் கல், மண் இல்லாமல் பார்ப்பது, களையும்போது ஒரு மணிகூட வீணாகாமல் நீரை வடிகட்டுவது என்று அதில் அடுப்படிச் சங்கதிகள் நிறைய. கழுநீர்ப் பானை வைத்திருந்த நம் பாட்டிமாருக்கு இதெல்லாம் புதிதாகவே இருந்திருக்காது. அவர்கள் நூல் எழுதவில்லை. எழுத நேரமும் இருந்திருக்காது.

இந்தக் கவனத்தால் என்ன பலன் என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைப் பாத்திரம் கழுவ வைத்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோப்பின் வாசனை, நீரின் சூடு என்று கவனித்துக் கழுவியவர்களுக்குப் படபடப்பு 27 சதவீதம் குறைந்ததாம். கல்யாண வீட்டு அண்டாவை அவர்களிடம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இங்கே கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் உழைக்கிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஏற்கெனவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இடுப்பொடிகிறவரிடம் போய் 'இன்னும் நேர்த்தியாகச் செய்' என்று சொல்வது அராஜகம். வேலையின் தரம் உயர வேண்டும் என்று யார் நினைக்கிறாரோ, அவர்தான் முதலில் நாரைக் கையில் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் தரம் கூட்ட வேண்டியதும் இல்லை. படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடாததால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

'நான்தான் பாத்திரம் தேய்த்தேனே' என்று மார்தட்டும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததோடு வேலை முடிவதில்லை. தொட்டியின் சல்லடையில் சிக்கிய பருக்கையைக் கையால் எடுத்துப் போட வேண்டும். நாரை அலசிப் பிழிந்து, தண்ணீர் வடிகிற இடத்தில் வைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரிலேயே ஊறவிட்டால் மறுநாள் நாற்றமெடுக்கும். மேடையைத் துடைத்து, துடைத்த துணியையும் அலசிக் காயப்போட வேண்டும். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் பெரும்பாலும் வேறு யாரோ முடித்துவைக்கிறார்கள்.

இந்த மாதம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கம் முதல் கடைசி வரை நீங்களே செய்து பாருங்கள். கண்டதை எழுதி அனுப்புங்கள், அஞ்சலட்டை போதும். ஆண்களின் கடிதங்களுக்கு முன்னுரிமை உண்டு. 'இவர் சொல்வது உண்மைதான்' என்று வீட்டில் ஒருவர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால் கட்டாயம் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்