குழந்தைக்காக என்று சொல்லி வாங்கும் கார்

அடுத்த கார் எது என்று வீட்டில் பேச்சு எடுத்ததுமே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் எலெக்ட்ரிக் செடான், இன்னொரு பக்கம் ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் எஸ்யூவி. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வாதம் முற்றும்போது, தட்டில் பாதித் தோசையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து அப்பாவும் அம்மாவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறோம்: "நாங்க யாருக்காக வாங்கறோம்? உனக்காகத்தானே!"

அந்தப் பிள்ளை நம்மிடம் கார் கேட்டதா?

எஸ்யூவி வேண்டும் என்பவர் உன் பாதுகாப்பு என்கிறார். எலெக்ட்ரிக் வேண்டும் என்பவர் உன் எதிர்காலம், நீ சுவாசிக்கும் காற்று என்கிறார். இரண்டுமே நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் நம் ஆசை, நம் பயம், நம் கௌரவம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்துவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்தக் கார் வாங்கினாலும் இது நடக்கிறது.

கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 லட்சம் ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 24,100 ரூபாய். பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும் ஜூன் மாதத்தில் கையெழுத்துப் போட்டால், கடைசித் தவணை போகும்போது அது பிளஸ் டூ முடித்திருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பதினொன்றில் குரூப் எடுப்பது, நுழைவுத் தேர்வுப் பயிற்சி எல்லாம் அந்த ஏழு வருடத்துக்குள் வருகிறது. பணம் எடுத்துவிட்டதாக வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்த அன்றைக்கே கணக்குப் பேப்பரும் கைக்கு வந்தால் தீர்ந்தது. "மாசம் இருபத்தி நாலாயிரம் கட்டி ஏசி கார்ல கொண்டுபோய் விடறோம். நீ அறுபத்திரண்டு வாங்கிட்டு வந்து நிக்கற."

அறுபத்திரண்டு மார்க்குக்கும் நம் கார் கடனுக்கும் என்ன சம்பந்தம்? நாம் ஷோரூமில் போட்ட கையெழுத்தை அந்தக் குழந்தை ஏன் மார்க்கால் அடைக்க வேண்டும்?

பாதுகாப்புக்கு வருவோம். 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் பாரத் என்கேப் சோதனை நடைமுறையில் இருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை முன்பக்கமாக மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தனி மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். குழந்தைகளுக்கான மதிப்பெண் எப்படி வருகிறது தெரியுமா? குழந்தை அளவு பொம்மைகளை அவற்றுக்கான இருக்கையில் முறையாகக் கட்டி வைத்துச் சோதிப்பதால் வருகிறது. நாம் ஐந்து நட்சத்திரத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, மூன்று வயதுக் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறோம். பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ கட்டாயம் என்று 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் சைல்டு சீட் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஈசிஆர் பக்கம் போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். சன்ரூஃப் வழியாக இரண்டு குழந்தைகள் இடுப்பு வரை வெளியே நிற்கும். தலைமுடி பறக்கும். அம்மா கீழேயிருந்து கால்களைப் பிடித்துக்கொண்டிருப்பார், அப்பா ஓட்டுவார். சட்டென்று ஒரு நாய் குறுக்கே வந்து பிரேக் போட்டால், அந்தக் குழந்தையின் வயிறு சன்ரூஃப் விளிம்பில் எவ்வளவு வேகத்தில் மோதும்? பெங்களூரில் 2025 செப்டம்பரில் இப்படி நின்றுகொண்டு போன ஒரு சிறுவனின் தலை, சாலைக்கு மேலே இருந்த உயரத் தடுப்பில் இடித்தது. அந்த வீடியோவைப் பார்த்துப் பதறிய நாமே, அடுத்த கார் பார்க்கப் போகும்போது சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டைத்தானே கேட்கிறோம்?

ஏழு சீட் விஷயமும் அப்படித்தான். மற்ற நாட்களில் கடைசி வரிசையில் ஸ்கூல் பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அங்கே யாரை அனுப்புகிறோம்? இருப்பதிலேயே சின்னப் பிள்ளையை. அதற்குத்தான் கால் மடங்கும். பின்பக்கம் எவனாவது வந்து மோதினால் முதலில் அடி படும் இடம் அது. பல கார்களில் அங்கே ஏசி காற்றும் சரியாக வராது, ஆட்டமும் அதிகம். விழுப்புரம் தாண்டுவதற்குள் குழந்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மடியில் பாலிதீன் கவரை விரித்து வைத்திருக்கும். முன்னாலிருந்து, "கொஞ்ச நேரம் அடக்கிக்கோ கண்ணா, திருச்சியில நிறுத்தறேன்" என்கிறோம். குடும்பத்துக்காக வாங்கிய கார் என்கிறோமே, அந்தக் குடும்பத்தில் இந்தக் குழந்தை இல்லையா?

நம் பிள்ளை உள்ளே இருக்கும்போது சரி, கீழே இறங்கி ஸ்கூல் கேட்டை நோக்கி நடக்கும்போது? அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்துபோகிறவர்கள் மீது மோதினால் உயிர் போகும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முன்பக்கம் உள்ள வண்டிகளைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அந்த உயரம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கழுத்துக்கு மேலேயே வரும். பானெட்டுக்கு முன்னால் குனிந்து வாட்டர் பாட்டிலை எடுக்கிற குழந்தை ஓட்டுகிறவர் கண்ணில் படவே படாது.

கூடவே புகை. மாலை மூன்றரை மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலும் பாருங்கள், ஏசிக்காக என்ஜினை அணைக்காமல் வண்டிகள் வரிசையாக நிற்கும். சைலன்சர் நம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. யுகேஜி குழந்தைக்கு அது எவ்வளவு பக்கம்! லண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்துமாவில் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். அவளுடைய அம்மா ஏழு வருடம் போராடி வாங்கிய தீர்ப்பு அது.

இதற்காக எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்களுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் அவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில், ரேஞ்ச் குறைகிறது என்று ஏசியை அணைத்துவிட்டு, வியர்த்து வழிகிற பிள்ளையிடம் "உன் தலைமுறைக்காகத்தானே இதெல்லாம்" என்று சொல்லலாமா? உலகம் சூடாவது அந்தக் குழந்தை செய்த காரியமா? "எங்க வீட்ல எலெக்ட்ரிக்னு போய் கிளாஸ்ல சொல்லு" என்று அனுப்புகிறோம். பெற்றோர் கூட்டம் முடிந்து வரும்போது, "அவங்க என்ன கார்ல வந்தாங்க, பார்த்தியா?" என்றும் பிள்ளை காதுபடப் பேசுகிறோம். பிறகு, சின்ன கார் என்பதற்காகப் பழைய வண்டியைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், எங்கே கற்றுக்கொண்டது என்று ஆச்சரியப்படுகிறோம்.

எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால் நேராகவே சொல்வேன். பார்க்கிங்கில் சொந்தமாக 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைக்க முடிந்தால், தினமும் ஓடுவது பள்ளி, அலுவலகம், கடை என்று நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான் என்றால், எலெக்ட்ரிக் செடான் போதும். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பெரிய எஸ்யூவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40. நீண்ட பயணத்தில் சார்ஜ் போட நின்றால் நிற்கட்டும், குழந்தைக்கு அந்த முக்கால் மணி நேரம் இறங்கி ஓட வேண்டியதுதான். வேளச்சேரியில் குடியிருந்து, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறவர் உயரமான வண்டி கேட்டால் எனக்குப் புரிகிறது. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியாத மூட்டுவலி மாமியார் வீட்டில் இருந்தாலும் அப்படியே. அந்தக் காரணங்களை அவற்றின் பெயரிலேயே சொல்லி வாங்குவோமே. வெள்ளத்துக்குப் பயப்படுவது நாம். பெரிய வண்டியில் போக ஆசைப்படுவதும் நாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது பிள்ளையை அழைத்துப் போங்கள். எந்த இடத்தில் அது தினமும் உட்காரப் போகிறதோ அங்கே உட்காரவைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஜன்னல் எட்டுகிறதா, பெல்ட் கழுத்தை அறுக்கிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா என்று கேளுங்கள். பின் சீட்டில் சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரிடம் காட்டச் சொல்லி, கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். சன்ரூஃபுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல சைல்டு சீட்டே வந்துவிடும். கடன் படிவம் நீட்டப்படும்போது மட்டும், பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள்.