மூளைக்கு அரணுண்டு, மொழிக்கு வேண்டாவா?

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது, அதற்குச் சொல் இல்லை என்று மேடைதோறும் கூறித் திரிவார் இன்னும் உளர். தாய்ப்பாலோடு தமிழுண்டு, தமிழால் வளர்ந்து, கல்லூரிப் படியேறிய அளவில் தாயை ஊமையென்று தூற்றத் துணிந்தவர் இவர். இவர் பெரிதாகக் காட்டி அச்சுறுத்தும் மூளையியலையே எடுத்துக்கொண்டு, இவர் கூற்று மெய்யா பொய்யா என ஆய்ந்து பார்ப்போர்க்கு உண்மை தானே விளங்கும்.

மாந்த மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அஃது உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் கொள்ளும் உயிர்வளியில் ஐந்திலொரு பங்கை அதுவே உண்கிறது. இத்துணை அரிய உறுப்பை இயற்கை அரண்மேல் அரணிட்டுக் காத்துள்ளது. வெளியே மண்டையோடு; அதனுள்ளே வல்லுறை, சிலந்திவலையுறை, மெல்லுறை என மூன்று உறைகள். மூளையின் உள்ளறைகளிலும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் தெளிநீர் நிறைந்து, மூளையை மிதக்கவிட்டு அதிர்ச்சியைத் தாங்குகிறது.

'வல்லுறை' என்ற அளவிலேயே எள்ளி நகைப்பர் ஆங்கில அடியார். 'தியூரா மேட்டர்' என்றால்தான் அறிவியலாம்! அத்தொடரின் பிறப்பை அவர் அறிவரா? 'வன்தாய்' என்பதே அதன் பொருள். அரபு மருத்துவர்கள் மூளையுறைகளைத் 'தாய்' என்னும் சொல்லால் வழங்கினர். 12ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் இசுடீபன் அச்சொல்லை இலத்தீனத்தில் பெயர்த்தார். அரபு ஒலியை இலத்தீன எழுத்தில் எழுதி அவர் அமைந்துவிடவில்லை. பொருளறிந்து தம் சொல்லால் ஆக்கிக்கொண்டார். இலத்தீனம் செய்தால் புலமை, தமிழ் செய்தால் பித்தா?

'அமிக்டலா' என்பது கிரேக்கத்தில் வாதுமைக் கொட்டை, 'இப்போகாம்பசு' கடற்குதிரை, 'ஆசுட்ரோசைட்டு' விண்மீன் வடிவக் கண்ணறை, 'செரிபெல்லம்' இலத்தீனத்தில் சிறுமூளை. அத்தனையும் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் வழங்கிய எளிய சொற்கள்! அவர்க்குப் பொருளாய் விளங்கியது தமிழ் மாணவனுக்கு மட்டும் உருப்போடும் ஒலிக்குவியலாய்த் திணிக்கப்படுகிறது. இதன் பெயர் கல்வியா?

இனி, கண்ணுக்குத் தெரியாத அரணொன்று உண்டு. 1885இல் செருமானிய அறிஞர் பால் எர்லிக்கு விலங்கின் குருதியில் சாயம் ஏற்றினார். மற்றை உறுப்புகள் நிறமேற, மூளை மட்டும் நிறமேறவில்லை. மூளை சாயத்தைப் பற்றுவதில்லை போலும் என அவர் எண்ணினார். 1913இல் அவர் மாணவர் கோல்டுமன் சாயத்தைத் தெளிநீரிலேயே செலுத்தினார்; அப்போது மூளை நிறமேறியது, பிற உறுப்புகள் ஏறவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோ தடுக்கிறது என்பது புலனாயிற்று. 1921இல் இலினா சுட்டெர்ன் என்னும் பெண்ணறிஞர் அதற்குக் குருதி-மூளை அரண் எனப் பொருள்படும் பெயரிட்டார். 1967இல் இரீசும் கார்னோவ்சுக்கியும் மின்னணு நுண்ணோக்கியில் அதன் அமைப்பைக் கண்டனர். மூளையின் நுண்குழாய்ச் சுவர்க் கண்ணறைகள் இடுக்கின்றி இறுகப் பொருந்தி நிற்கின்றன. சருக்கரைக்கு ஒரு வாயில், புரதக் கூறுகட்கு வேறு வாயில். தப்பி நுழையும் பொருள்கள் பலவற்றை வெளியே இறைத்துத் தள்ளும் பொறிகளும் உள.

நஞ்சைத் தடுக்கும் அவ்வரணே மருந்தையும் தடுக்கிறது. நடுக்கு நோயில் மூளைக்குள் தோபமைன் குன்றுகிறது. தோபமைனைக் குருதியில் ஏற்றினாலோ அஃது அரணைக் கடவாது. ஆகவே, புரதக் கூற்றின் வடிவுடைய இலெவோதோபாவைத் தருகின்றனர். அது புரதக் கூறுகளின் வாயில்வழியே புகுந்து உள்ளே தோபமைனாக மாறுகிறது. மிகுந்த அளவில் உட்கொள்ளின் அது பயன்தரும் என்பதை 1967இல் கொட்சியாசு காட்டினார். வழியிலேயே அது மாறி வீணாகாதபடி கார்பிதோபா துணைசெல்கிறது. குருதியில் நுண்குமிழி செலுத்தி, மண்டைக்கு வெளியிலிருந்து கேளாவொலியைக் குவித்து அரணைச் சிறிதுபொழுது நெகிழ்த்தும் முறையைத் தொரண்டோவில் மறதிநோயாளரிடம் ஆய்ந்து 2018இல் வெளியிட்டனர்.

இவற்றுள் தமிழால் சொல்லவொண்ணாதது எது? சொல்லாமையால் வரும் கேட்டையும் எண்ணுக. புரதம் மிக்க உணவோடு இலெவோதோபாவை உண்டால் இரண்டும் ஒரே வாயிலில் முட்டுவதால், நோயாளர் சிலர்க்கு மருந்தின் பயன் குறைகிறது. இதனை விளங்கச் சொன்னால் உழவர் வீட்டுக் கிழவியும் உணவுக்கும் மருந்துக்கும் இடைவெளி விடுவாள். ஆங்கிலச் சீட்டை மட்டும் கையில் திணித்தனுப்பினால், "மருந்து கேட்கவில்லை" என்று தலையிலடித்துக்கொள்வாள். மொழிச்சிக்கல் புலவர்தம் பொழுதுபோக்கன்று. அது நோயாளியின் உயிர்ச்சிக்கல்!

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான சாமுவேல் கிரீன் தாம் தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'அங்காதிபாதம்' போன்ற வடசொற்கள் அவற்றுள் மலிந்தது குறையே. அது களையத்தக்க குறை. அயலான் செய்து காட்டியதைத் தமிழன் இயலாதென்பது மானக்கேடு. 2022இல் போபாலில் இந்தி மருத்துவ நூல்களை வெளியிட்டனர். அவற்றில் ஆங்கிலச் சொற்களே நாகரி எழுத்தில் மலிந்து கிடந்தன. அந்தப் போலிவழி தமிழுக்கு வேண்டா.

மூளையரண் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. தனக்கு ஒத்த வடிவில் வருவதை ஏற்கிறது, ஒவ்வாததை மறுக்கிறது. தனித்தமிழ்க் கொள்கையும் அதுவே. உலக அறிவனைத்தும் வருக. தமிழ் வடிவெடுத்து வருக! அயன்மொழியில் நிற்கும் அறிவு குருதியில் திரியும் தோபமைன் போன்றது. எவ்வளவு ஏற்றினும் அது தமிழன் மூளையைச் சேராது.