சீட்டு சமம், பயணி சமமா?

ஒரே ஒரு பாஸ். அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் 33 நாடுகளில் ரயில் ஏறலாம். சில பேருந்துகளிலும் கப்பல்களிலும் இலவசமாகவோ கட்டணச் சலுகையோடோ போகலாம். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில் என்று இரண்டு பெயர்களில் விற்கிறார்கள். இதைப் பற்றிய சுற்றுலாக் காணொளிகள் ஏராளம். எத்தனை நாள், எத்தனை யூரோ, எங்கே என்ன சாப்பிடலாம் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. பொதுத்தெருவில் நடப்பதற்கே போராடிய மக்களின் பிள்ளைகளான நாம் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. யார் போகலாம், போகிற வழியில் யாரை நிறுத்துவார்கள் என்பது நமக்கு அரசியல் கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இன்டர்ரெயில் 1972இல் தொடங்கியபோது 21 வயது வரையிலான இளைஞர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய் அடுத்த நாட்டைப் பார்க்கவேண்டும் என்பதைப் பொது நன்மையாகக் கருதிய சிந்தனை அது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு படி போனது. ‘டிஸ்கவர் இயூ’ திட்டத்தில் 18 வயதானவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வாகிறவர்களுக்குப் பாஸ் இலவசம். பாஸை மட்டும் கொடுத்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் விண்ணப்பிப்பார்கள் என்று உணர்ந்து, வாய்ப்புக் குறைந்த இளைஞர்களுக்குக் கூடுதல் செலவும் வழிகாட்டலும் தரும் தனிப் பிரிவையும் சேர்த்தார்கள். இடஒதுக்கீட்டுக்காக வாதாடும் நமக்கு இது தெரிந்த நியாயம்தான். கதவைத் திறந்து வைத்தால் போதாது, வாசல் வரை வர வழியும் வேண்டும்.

2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜெர்மனி மாதம் 9 யூரோவுக்கு ஒரு சீட்டு கொடுத்தது. உள்ளூர், வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றுக்கும் அது செல்லும். 5 கோடிக்கும் அதிகமான சீட்டுகள் விற்றன. பயணம் மலிவானால் மக்கள் பயணிக்கிறார்கள். ஏழைக்கு ஊர் சுற்ற ஆசையில்லை என்பது பணக்காரர்கள் சொல்லும் கதை.

இனி, கதவு யாருக்குத் திறக்கிறது என்று பார்ப்போம். பாஸ் விசா ஆகாது. இந்தியக் குடிமக்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுத்துவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பயணச் செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துப் பிள்ளை எந்த வங்கிக் கணக்கைக் காட்டும்? பாஸ் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் செல்லும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது. நம்மில் உதவித்தொகை பெற்று அங்கே படிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பிட அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். வாங்கவேண்டியது இன்டர்ரெயில், யூரெயில் அல்ல.

எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் ரயிலுக்குள் இன்னொரு சோதனை இருக்கிறது. 2010 டிசம்பரில் காசெலிலிருந்து பிராங்பர்ட்டுக்குப் போன ரயிலில் ஒரு கறுப்பின மாணவரிடம் போலீஸ் அடையாள அட்டை கேட்டது. தோல் நிறத்தைப் பார்த்துக் கேட்டதுதான். முதல் நீதிமன்றம் அதைச் சரி என்றது. கோப்லென்ஸ் மேல் நிர்வாக நீதிமன்றம் 2012 அக்டோபரில், இது ஜெர்மன் அரசமைப்புச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடைக்கு விரோதமானது என்றது. போலீஸ் மன்னிப்புக் கேட்டது.

அதே 2012 ஜூலையில் செக் குடியரசிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ரயிலில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜெர்மன் குடிமகன் ஒருவரையும் அவருடைய மகளையும் சோதித்தார்கள். ‘ஏன் எங்களை?’ என்று அவர் கேட்டார். தற்செயலான சோதனை என்றது போலீஸ். ஜெர்மன் நீதிமன்றங்கள் வழக்கின் உள்ளே போகாமலேயே தள்ளிவிட்டன. ‘பாசு எதிர் ஜெர்மனி’ வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது: பாகுபாடு நடந்ததா என்று சுதந்திரமாக விசாரிக்காமல் விட்டதே உரிமை மீறல். ரயிலில் கேட்ட ஒரு ‘ஏன்’, பத்து வருடம் கழித்துச் சட்டமானது.

கப்பலுக்கு வருவோம். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் இடையில் ஓடும் கப்பல்களின் மேல்தளத்தில் பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள் படுத்துறங்கிப் போகிறார்கள். அதே கடல்வழியில், பட்ராஸ் துறைமுகத்தில் லாரிகளுக்குள்ளும் அடியிலும் ஒளிந்து ஏறியவர்கள் ஆப்கன் அகதிகள். இத்தாலியத் துறைமுகங்களில் பிடித்தவர்களை, புகலிடம் கேட்க வழியே கொடுக்காமல் கிரேக்கத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2014இல் ‘ஷரீஃபி’ வழக்கில் இதைக் கூட்டு வெளியேற்றம் என்று அதே நீதிமன்றம் கண்டித்தது. மேலே படுத்திருப்பவருக்கும் கீழே ஒளிந்திருப்பவருக்கும் ஒரே வயது இருக்கலாம். பிறந்த இடம்தான் வேறு.

பிறப்பு பயணத்தை முடிவு செய்வதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1901இல் ஒன்பது வயது அம்பேத்கர் மசூர் நிலையத்தில் வந்து இறங்கினார். ரயிலுக்குச் சீட்டு இருந்தது. மகர் என்று சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். இதைச் சொல்லும் தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தலைப்பு. சொந்த நாட்டிலேயே விசா கேட்கப்பட்டவர்கள் நாம்.

ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, பயணத்தை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். அரசு செலவில் இளைஞர்கள் ஊர் உலகம் பார்ப்பது சாத்தியம் என்று ஐரோப்பா காட்டுகிறது. முதல் தலைமுறை மாணவர்களுக்கு அதை இங்கேயும் உரிமையாகக் கேட்போம். இரண்டு, அங்கே போகிறவர்கள் பாஸோடு பாஸ்போர்ட்டையும் எப்போதும் வைத்திருங்கள். போலீஸ் கேட்டால் காட்டுங்கள். காட்டிவிட்டு, ஏன் என்னை என்று கேளுங்கள். ரயில் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பினத்தவரையோ ரோமா பெண்ணையோ அகதியையோ நிறுத்தினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள். சாட்சியாக நில்லுங்கள்.

ஜெய்பீம்.