தொளதொள சட்டையும் ஒரு பெரியவரின் பதைப்பும்

சென்ற இதழில் இன்றைய இளைஞர்களின் ரசனையைச் சாடி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அறுபது கடந்தவர், நிறையப் படித்தவர், நல்ல உரைநடை வாய்த்தவர். இத்தனையும் இருந்தும் ஒருவர் இவ்வளவு சோம்பலாகச் சிந்திக்க முடியும் என்பதுதான் ஆச்சரியம். மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் இளைஞனைப் பார்த்திருக்கிறார். முழங்கையைத் தாண்டித் தொங்கும் டி-ஷர்ட், தடித்த அடிப்பாகத்தோடு ஒரு ஷூ, காதில் ஹெட்போன், கைப்பேசியில் யாரோ பிரியாணி சாப்பிடும் வீடியோ. தாம்பரத்தில் ஏறியவர் எழும்பூரில் இறங்குவதற்குள் ஒரு தலைமுறையின் வீழ்ச்சியை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டார். பையனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பாட்டு ஓடுகிறது என்று விசாரிக்கவில்லை. ஹிப் ஹாப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் ஒரே ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை.

அவருடைய வாதத்தைப் பிழிந்தால் கிடைப்பது இதுதான். இந்தப் பையனுக்குப் பிடித்த எதுவும் அவனுடையதல்ல. இசை நியூயார்க் கறுப்பர்களுடையது, உடுப்பு அமெரிக்க வியாபாரிகளுடையது, தின்பது ஊர்பேர் தெரியாத தீனி. வேரற்றவன், இரவல் வாழ்க்கை வாழ்கிறான், சம்பளத்தை அதில் கரைக்கிறான்.

இசைக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் அவர் அதிகம் உளறியிருக்கிறார். ஹிப் ஹாப் ஆதியில் தூய எதிர்ப்புக் குரலாக இருந்ததாம். பிற்பாடு கம்பெனிகள் புகுந்து அதைத் துணியும் செருப்பும் விற்கும் சாக்காக மாற்றிவிட்டனவாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், குடியிருப்போருக்கான பொது அறையில் ஒரு விருந்துக் கொண்டாட்டம் நடந்தது. ஹிப் ஹாப்பின் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஏற்பாடு செய்தவள் சிண்டி கேம்பல் என்ற சிறுபெண். பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும். அதற்காகத்தான் ஏற்பாடு. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்தாள். இசைத்தட்டு சுழற்றியவர் அவளுடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். துணி எடுக்கத்தான் ஐயா அந்த முதல் விருந்தே நடந்தது. வியாபாரம் வந்து கெடுத்த கற்பு என்று எதுவும் அங்கே இருக்கவில்லை.

கூல் ஹெர்க் பிறந்தது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஊரையே ஆடவைக்கும் பழக்கம் அந்த ஊருடையது. அதை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசையில் போட்டு, ஜனங்கள் எழுந்து ஆடும் அந்தத் தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி நீட்டினார். அடுத்தவர் பாட்டிலிருந்து எடுத்த துண்டுதான் இந்த இசையின் அஸ்திவாரம். இதை இரவல் என்று கண்டுபிடித்துச் சொல்வது, தோசையில் மாவு இருக்கிறது என்று துப்பறிவதைப் போன்றது.

செருப்புக் குற்றச்சாட்டும் புதிதல்ல. 1980களில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கயிறு கட்டாத ஷூ போடும் பையன்கள் குற்றவாளிகளைக் காப்பியடிக்கிறார்கள் என்று அந்த வட்டாரத்து மருத்துவர் ஒருவர் கண்டித்துப் பேசினார். அதே தெருக்களில் வளர்ந்த ரன்-டிஎம்சி குழு 1986இல் ‘மை அடிடாஸ்’ என்ற பாட்டால் பதில் சொன்னது. இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நாங்கள் நல்ல இடங்களுக்கும் போகிறோம், நல்ல காரியமும் செய்கிறோம் என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவர்கள் கேட்டுக்கொண்டதும் ரசிகர்கள் தங்கள் ஷூக்களைக் கழற்றி உயர்த்திக் காட்டினார்கள். அதன் பிறகுதான் கம்பெனி ஒப்பந்தத்தோடு வந்தது. பையன்கள் முன்னே போனார்கள், கம்பெனி பின்னால் ஓடிவந்தது. கட்டுரையாளர் வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். அதுமட்டுமல்ல, ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன் பாட்டாலேயே பதில் சொல்லப்பட்ட ஒரு புகாரைத் தம்முடைய சொந்தச் சிந்தனை என்று அச்சேற்றியிருக்கிறார். இரவல் என்றால் இதுவும் இரவல்தான்.

கர்நாடக இசைதான் நம் வேர் என்று முடிக்கிறாரே, அந்தக் கச்சேரி மேடைக்கு வயலின் எப்படி வந்ததாம்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. அதேபோல் வெளியிலிருந்து வந்த ஆர்மோனியத்துக்கு அவ்வளவு யோகம் இல்லை. 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. மறுபடி உள்ளே விட முப்பது வருடம் ஆயிற்று. காலையில் அவர் குடிக்கும் டிகிரி காப்பியும் இங்கே நுழைந்தபோது வசவு வாங்கியதுதான். அந்நியப் பானம், குடும்பத்தைக் கெடுக்கிறது என்று பத்திரிகைகள் புலம்பிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் புலம்பல்களில் காப்பியை எடுத்துவிட்டு ஸ்னீக்கரைப் போட்டால் சென்ற இதழ்க் கட்டுரை கிடைத்துவிடும்.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்கள் வழக்கமாக ஒரு குறுக்குவழியில் ஓடுவார்கள். திருப்புகழின் சந்தத்தைக் காட்டி, அருணகிரிநாதரே முதல் ராப்பர் என்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. முருகனிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தால்தான் ஒரு பையன் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்கலாம் என்றால், அதுவும் கட்டுரையாளரின் கட்சிதான்.

அடுத்தவர் துயரத்தை வேடமாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்கிறார். இதுமட்டும் பதில் சொல்லத் தகுந்த வாதம். பொருந்தும் பாட்டுகளும் உண்டு: வாங்காத காரையும் கையில் இல்லாத துப்பாக்கியையும் பற்றிப் பெருமை பேசுகிற, பெண்களை மட்டமாகப் பேசுகிற சரக்கு தமிழிலும் வந்திருக்கிறது; எனக்கும் அது குமட்டும். ஆனால் இந்த மொழியில் ராப் காலூன்றிய வழியைப் பாருங்கள். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து அதன்மேல் தங்கள் சொற்களை ஏற்றினார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள்பிடித்து அனுப்பப்பட்டவர்களின் சமூகம் அது. துயரத்தை இரவல் வாங்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை, வீட்டிலேயே இருந்தது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது பறையும் கானாவும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. அந்தக் குழுவின் பெயருக்குப் பின்னால் நிற்பவர் அயோத்திதாசப் பண்டிதர். அங்கே பாடிய அரக்கோணத்து அறிவு அடுத்த ஆண்டு ‘தெருக்குரல்’ வெளியிட்டார். 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அது தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களின் நினைவைச் சுமந்த பாட்டு என்று தெரியாமலே கல்யாண மண்டபங்களில் ஆடினார்களே, அதில் கட்டுரையாளரின் வயதொத்தவர்களும் உண்டு.

இனி உடுப்பு. தொளதொள சட்டையும் கலர் ஷூவும் கண்ணைக் குத்துகின்றன, “இருக்கிற இடம் தெரியாமல்” உடுத்துகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். கட்டுரை முழுவதிலும் நேர்மையான வரி அது ஒன்றுதான். தமிழ்நாட்டில் யார் எந்த இடத்தில் எதை உடுத்தலாம் என்பது ரசனைப் பிரச்சினையாக என்றைக்கு இருந்தது? தெற்கே தோளில் ஒரு சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, அடிவாங்கி, 1859இல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து ஓர் ஆணையைப் பெற்றார்கள், அதுவும் அரைகுறையாக. பழங்கதை என்று தள்ள முடியாது. 2012 நவம்பரில் தலித்துகள் வாழ்ந்த தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது. அதை ஒட்டிய நாட்களில் ஒரு கட்சித் தலைவர், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். நாடே கேட்ட பேச்சு அது. செருப்புப் போட்டுத் தெருவில் நடந்ததற்காக அடிவாங்கியவர்களின் பேரன்கள் இன்று விலையுயர்ந்த ஷூவைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறார்கள் என்றால், அதில் மோகத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு என்ன மருந்து இருக்கிறது? கட்டுரையாளருக்குச் சாதி வெறி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர் எடுத்துப் பேசுகிற வாக்கியம் ஏற்கெனவே யார் யார் வாயில் இருந்தது என்று பார்க்காமல் எடுத்திருக்கிறார் என்கிறேன். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து அதே சட்டையில் வந்து இறங்கினால் வேரைப் பற்றிக் கட்டுரை வருமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டும் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அதில் பாதி நாள் நைட். வேலையில் கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, சேஃப்டி ஷூ, பேசினால் காது கேட்காத இரைச்சல். வாரத்தில் அவன் உடம்பு அவனுக்கே சொந்தமாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கு இஸ்திரி போட்ட கறுப்பு ஓவர்சைஸ், பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிய வெள்ளை ஷூ. ஷூ ஃபர்ஸ்ட் காப்பிதான், அவனே சொல்லுவான், வெட்கப்பட மாட்டான். “ஒரிஜினல் வாங்குற நாள் வரும்ணே, அதுவரைக்கும் காலு சும்மாவா இருக்கும்?” என்பான். ஒரு பாட்டின் பீட்டில் கிக் எங்கே விழுகிறது, ஸ்நேர் எங்கே விழுகிறது, ராப்பர் எந்த இடத்தில் மூச்சு வாங்காமல் தாண்டுகிறார் என்று அவன் விளக்கினால், சபாவில் தனியாவர்த்தனத்தின்போது போண்டா சாப்பிட எழுந்து போகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்.

ஞாயிறு மாலை அவன் போவது பாரிமுனைக்கு, அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட. ஊர்பேர் தெரியாத தீனி என்று கட்டுரையாளர் முகம் சுளிப்பது இந்த மாதிரித் தள்ளுவண்டிப் பண்டங்களைத்தான். ஊரும் தெரியும், பேரும் தெரியும். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே கடைபோட்டவர்களால் பர்மா பஜார் உண்டாயிற்று. பக்கத்துத் தெருவில் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆண்களும் நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் வறுத்த பூண்டும் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றி, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிக் கையால் பிசைந்து கொடுத்தார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அகதியாய் வந்தவர்கள் அடுப்பு மூட்டிப் பிழைத்த கதை அந்தத் தட்டில் இருக்கிறது. அதே பஜாரில்தான் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையின் படித்த இளைஞர்கள் வெளிநாட்டு ஜீன்ஸும் கேசட்டும் பேரம்பேசி வாங்கினார்கள். கட்டுரையாளருக்கு அப்போது என்ன வயது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேறொன்றும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மோகத்தில் சிந்தனைக்கே இடமில்லையாம். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது; மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. எந்தப் பிரியாணி ஊர்ப் பெருமை, எது ஒளித்துவைக்க வேண்டியது என்ற கேள்வியைத் தெருவில் நின்று கேட்டவர்கள் பிரியாணிப் பிரியர்கள்தான்.

பணத்தை வீணாக்குகிறார்கள் என்ற புலம்பலுக்கு அதிக இடம் ஒதுக்கப் போவதில்லை. ஒரே நாள் கூத்துக்கு மண்டபம் பிடித்து, ஒரே முறை கட்டும் பட்டுக்குக் கடன் வாங்கும் சமூகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜோடி ஷூவுக்குத் தணிக்கை நடத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

உண்மையில் இந்த உடுப்பு மோகத்துக்கு எதிராகச் சொல்ல வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை அவர் தொடவே இல்லை. அமெரிக்கச் சட்டை என்று அவர் நினைக்கிற தொளதொள டி-ஷர்ட் பெரும்பாலும் திருப்பூர்ச் சட்டை. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஊர்க் கணக்கு. தோள் இறங்கிய வெட்டு, ஜிஎஸ்எம் கூடிய கனத்த துணி, கழுத்துக்குத் தடித்த ரிப் என்று உலகத்து மோஸ்தர் மாறும்போதெல்லாம் அங்கே கட்டிங் மேசையும் ஓவர்லாக்கும் அதற்கேற்ப மாறுகின்றன. ஆர்டரில் தள்ளுபடியான சரக்கு காதர்பேட்டையில் குவிகிறது. பையன்கள் அங்கிருந்தும் எடுக்கிறார்கள். ஷூவும் அப்படியே: செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் ஆலையில், சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் நைக்கிக்கு ஷூ செய்கிறார்கள். திருப்பூரில் இந்தச் சட்டைத் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் நொய்யல் ஆற்றைக் கொன்றது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. தைக்கிறவளின் கூலி என்ன, கழிவு எங்கே போகிறது, பத்து முறை துவைத்ததும் தூக்கி எறிகிற சட்டை எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் இந்த எதிர்வினையை நான் எழுதியிருக்க மாட்டேன். அம்பத்தூர்ப் பையனையும் அழைத்துக்கொண்டு அவர் பக்கம் போய் நின்றிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்டால் பையனின் கறுப்பு டி-ஷர்ட்டோடு கேள்வி நின்றுவிடாது. வேட்டி சட்டைக்குள் அவர் போட்டிருக்கும் வெள்ளை பனியனும் அதே ஊர்ச் சரக்கு. அதை வெளுத்த தண்ணீரும் அதே ஆற்றில்தான் போயிற்று.